சவரக்கத்தியின் மீது ஏன் இந்த வீண்பழி?

பருவமடையும்போது உடலில் புதிய இடங்களில் முடி வளரும் என்பதைப் படிவம் 1 அறிவியல் பாடத்தில் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். மாணவர்களின் கேள்விகளோ அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. பாடவேளை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, ஆய்வுக்கூட வாசலில் தயங்கி நின்று கேட்கப்படும் கேள்விகள் அவை. “டீச்சர், உதட்டுக்கு மேலே மீசை மாதிரி தெரிகிறது, என்ன செய்யலாம்?” “கைமுடியை எடுக்க எது நல்லது?”

என்னிடம் வருவதற்கு முன்பே அவர்களுக்கு வீட்டில் ஒரு பதில் கிடைத்திருக்கும். “கத்தியை மட்டும் வைத்துவிடாதே. அப்புறம் முள்ளு முள்ளாக, அடர்த்தியாக முளைக்கும்.” இந்தப் பயத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இணையக் கடையில் பெயர் தெரியாத களிம்பு ஒன்றை வாங்குகிறார்கள். அல்லது டிக் டாக் காணொலியில் பார்த்த ஒளி பாய்ச்சும் கருவிக்காகக் காசு சேர்க்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடி நீக்கும் முறைகளில் மாணவர் வயதுக்கு ஆகக் குறைந்த ஆபத்து உள்ளது சாதாரண சவரக்கத்திதான். அதன் மேல் சுமத்தப்பட்டிருக்கும் பழி அறிவியலில் நிற்காது. அதுமட்டுமன்று, அந்தப் பழிதான் பிள்ளைகளை அதைவிட ஆபத்தான பொருள்களின் பக்கம் தள்ளிவிடுகிறது. முடியை எடுத்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைகால் முடியால் உடலுக்கு ஒரு கேடும் இல்லை. விட்டுவிட நினைப்பவர்கள் தாராளமாக விட்டுவிடலாம். எடுப்பது என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கத்தி பட்டால் முடி தடிக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இரண்டு திசைகளில் ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? குழந்தைக்கு, “இன்னொரு மொட்டை போட்டால் நன்றாக அடர்ந்து வரும்” என்கிறோம். நேர்த்திக்கடனுக்காகப் பத்துமலையில் போடும் மொட்டையைச் சொல்லவில்லை, அது வேறு. அடர்த்திக்காகப் போடும் மொட்டையைச் சொல்கிறேன். அதே வீட்டில் பதினான்கு வயது மகளிடம், “கத்தி வைக்காதே, அடர்ந்துவிடும்” என்கிறோம். தம்பியின் தலையில் நம்பிக்கையாக இருப்பது அக்காவின் கையில் பயமாக மாறிவிடுகிறது. கத்திக்கு உண்மையிலேயே அந்தச் சக்தி இருந்தால், வழுக்கை விழும் நம் சித்தப்பாக்கள் ஒவ்வொருவரும் தினமும் தலையை மழித்தே கவலையைத் தீர்த்துக்கொண்டிருப்பார்களே!

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. மொட்டை போடும் வயதில் குழந்தையின் மென்மையான முடி எப்படியும் உதிர்ந்து, தடித்த முடி வரத் தொடங்குகிறது. பையன் முதன்முதலாகச் சவரம் செய்யும் வயதில் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் அவன் முகத்துப் பூனைமுடியை மீசையாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. கத்தியும் தடிப்பும் ஒரே காலத்தில் வருவதால் ஒன்றை மற்றொன்றின் காரணமாக எடுத்துக்கொள்கிறோம். பச்சிளங்குழந்தையின் உடம்பில் பயற்றம்மாவு தேய்க்கும் பாட்டிமார் கதையும் இதுவே. கருவில் இருந்தபோது வளர்ந்த மெல்லிய முடி, பிறந்த சில வாரங்களில் தானாகவே உதிர்ந்துவிடும். தேய்த்தாலும் உதிரும், தேய்க்காவிட்டாலும் உதிரும். பெயர் மட்டும் மாவுக்குப் போய்விடும். தேய்க்காத குழந்தையோடு யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கட்டுப்பாட்டுக் குழு இல்லாத சோதனை என்று நாம் ஆய்வுக்கூடத்தில் சொல்வது இதைத்தான்.

கட்டுப்பாட்டோடு செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறு அறிவியலாளர் 1928-இல் நான்கு ஆண்களை ஒரே முறையில் சவரம் செய்யவைத்து, மழித்து விழுந்த முடிகளை அளந்து பார்த்தார். முடியின் வளர்ச்சி வேகமோ தடிப்போ நிறமோ மாறவில்லை. 1970-இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஐந்து இளைஞர்கள் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் பல மாதங்கள் மழித்தார்கள், மற்றக் காலை அப்படியே விட்டார்கள். இரண்டு காலிலும் வேறுபாடு இல்லை. நான்கு பேர், ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இந்த ஆய்வுகளை மட்டும் வைத்து நான் பேசியிருந்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால், முடியின் அமைப்பும் இதே முடிவைத்தான் சொல்கிறது.

தோலுக்கு வெளியே தெரியும் முடித்தண்டு உயிரில்லாத பொருள். கெரட்டின் என்ற புரதம் நிறைந்த இறந்த உயிரணுக்களின் இழை அது. அதில் நரம்பு இல்லை, இரத்தம் இல்லை. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில் இருக்கிறது. மேலே வெட்டப்பட்டது கீழே தெரிய வழியே கிடையாது. நகமும் கெரட்டின்தான், ஆனால் வாராவாரம் வெட்டுவதால் யாருடைய நகமும் தடித்துப்போனதில்லை. புதிதாக முளைப்பதும் நடக்காது. மயிர்க்கால்கள் நாம் பிறக்கும் முன்பே உருவாகிவிட்டன. பருவத்தில் ஹார்மோன்கள் செய்வது, இருக்கும் மயிர்க்கால்களில் சிலவற்றை மெல்லிய முடியிலிருந்து தடித்த முடிக்கு மாற்றுவது மட்டுமே.

பிறகு ஏன் முள்ளாகக் குத்துகிறது? தானாக உதிர்ந்த புருவமுடி ஒன்றையும், மழித்தபின் இரண்டு நாள் வளர்ந்த தாடிமுடி ஒன்றையும் வெட்டியெடுத்துப் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். புருவமுடி நுனிக்குப் போகப் போகக் கூர்மையாக மெலிந்திருக்கும். மழித்த முடியின் நுனியோ வெட்டிய கரும்பைப்போல் தட்டையாக இருக்கும். முடியின் தடித்த நடுப்பகுதிதான் இப்போது நுனியாக நிற்கிறது. குட்டையாகவும் இருப்பதால் வளையாமல் குத்துகிறது. ஐந்து நிமிட வேலைதான், எந்த வகுப்பிலும் செய்யலாம்.

எந்த முடிநீக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இது முடியின் எந்தப் பகுதியில் வேலை செய்கிறது என்பதுதான். கத்தியும் களிம்பும் தண்டோடு நின்றுவிடுகின்றன. நூல், மெழுகு, எபிலேட்டர் ஆகியவை வேரோடு பிடுங்குகின்றன. லேசரும் மின்னாற்பகுப்பும் மயிர்க்காலையே தாக்குகின்றன. ஆழம் கூடக்கூட, முடி திரும்பிவர எடுக்கும் காலமும் கூடும். வலியும் செலவும் தவறு நேர்ந்தால் வரும் விளைவும் சேர்ந்தே கூடும். களிம்பு மட்டும் இந்தக் கணக்கில் சரியாக அடங்காது. தண்டில் மட்டும் வேலை செய்வதாகச் சொல்லப்பட்டாலும் அது தோலையும் விட்டுவைப்பதில்லை.

பலரும் சாதாரணமாக நினைக்கும் பொருள் இந்தக் களிம்பு. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், கால்சியம் அல்லது பொட்டாசியம் தையோகிளைகோலேட் என்று எழுதியிருக்கும். கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பவை கந்தக அணுக்களுக்கு இடையிலான டைசல்பைடு பிணைப்புகள். தையோகிளைகோலேட் அவற்றை உடைக்கிறது. கட்டு அவிழ்ந்த முடி கூழாகிவிடுகிறது, துடைத்தால் வந்துவிடும். களிம்பின் நாற்றத்துக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். சிகையலங்கார நிலையங்களில் முடியை நேராக்கச் செய்யும் ரீபாண்டிங்கிலும் இதே குடும்பத்துப் பொருள்தான் பயன்படுகிறது. அங்கே பிணைப்புகளை ஓரளவு உடைத்து, முடியை நீட்டி, மறுபடியும் பிணைக்கிறார்கள். இங்கே உடைப்பதோடு சரி.

இந்த வேலை நடக்கக் கடுமையான காரத்தன்மை தேவை. களிம்பின் பி.எச். 12-ஐ நெருங்கியிருக்கும், அதாவது கிட்டத்தட்ட நம் ஆய்வுக்கூடத்துச் சுண்ணாம்பு நீர் அளவுக்கு. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ பி.எச். 5, மென்மையான அமிலம். படிவம் 4 வேதியியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஏழு படி வேறுபாடு என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவில் ஒரு கோடி மடங்கு வேறுபாடு. நம் தோலின் மேல்படலமும் கெரட்டினால் ஆனதுதான். எது முடியின் கெரட்டின், எது தோலின் கெரட்டின் என்று களிம்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முடி சீக்கிரம் கரைகிறது, தோல் சற்று மெதுவாகப் பாதிக்கப்படுகிறது. இந்தச் சில நிமிட இடைவெளியில்தான் அந்த வணிகமே நடக்கிறது. “இன்னும் போகவில்லையே, கூடுதலாக ஐந்து நிமிடம் வைப்போம்” என்று காத்திருப்பவர்களுக்கு இரசாயனப் புண் வருவது இதனால்தான். காலுக்கு விற்கும் களிம்பை உதட்டுக்கு மேல் பூசுவதும் பெரிய தவறு. எதுவாக இருந்தாலும் கையில் ஒரு சிறிய இடத்தில் பூசி, 24 மணிநேரம் காத்திருந்து பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஆசியான் நாடுகளின் அழகுசாதன விதிமுறை முடிநீக்கிகளில் தையோகிளைகோலிக் அமிலத்தின் அளவை 5 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துகிறது. மலேசியாவில் விற்கப்படும் அழகுசாதனப் பொருள் என்.பி.ஆர்.ஏ. எனப்படும் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவிக்கை செய்யப்பட்டிருக்க வேண்டும், அதன் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இணையக் கடையில் எட்டு ரிங்கிட்டுக்கு வரும் “மூலிகை முடிநீக்கித் தூள்” அங்கே இல்லையென்றால், அதற்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். மூலிகை என்ற சொல் பி.எச். அளவைக் குறைத்துவிடாது. கஸ்தூரி மஞ்சளைப் பற்றியும் கேட்பீர்கள். மஞ்சள் பூசி உரசும்போது உரசலில் சில மெல்லிய முடிகள் வரலாம். அது மயிர்க்காலைத் தூங்கவைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது.

பிடுங்கும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நூலால் புருவம் திருத்தும் அக்காமார் விரல்களின் வேகத்தை நான் வியந்து பார்த்திருக்கிறேன். புருவம் போன்ற சிறிய இடத்துக்கு அது நல்ல முறை. மெழுகு பெரிய பரப்புக்கு ஏற்றது, மூன்று முதல் ஆறு வாரம் தாங்கும். சூடு தவறினால் தோல் வெந்துபோகும். திரும்பி வளரும் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாவதும் உண்டு. மாணவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முகப்பருவுக்கு அடாபலின், டிரெட்டினாயின் போன்ற களிம்புகளைப் பூசுகிறவர்களும், ஐசோடிரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மெழுகின் பக்கம் போகக்கூடாது. அந்த மருந்துகளால் மென்மையான தோல் முடியோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

இனி லேசர். 1960-இல் தியடோர் மெய்மன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை மிகக் குறுகிய துடிப்பாகப் பாய்ச்சினால், அந்த ஒளியை உறிஞ்சும் பகுதியை மட்டும் சுட்டு, சுற்றியுள்ளதை விட்டுவிடலாம் என்று ஆண்டர்சனும் பாரிஷும் 1983-இல் விளக்கினார்கள். முடியில் ஒளியை உறிஞ்சுவது மெலனின் என்ற கறுப்பு நிறமி. நிறமி சூடாகி, அந்தச் சூடு மயிர்க்காலை அழிக்கிறது. மெலனின் இல்லாத நரைமுடியில் லேசர் வேலை செய்யாமல் போவதும் இதனால்தான். முடியெல்லாம் ஒரே நேரத்தில் வளரும் நிலையில் இருப்பதில்லை. ஓய்வில் இருக்கும் மயிர்க்கால்கள் தப்பித்துவிடுவதால் பல வாரங்கள் இடைவெளிவிட்டுப் பலமுறை செய்கிறார்கள்.

நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. மெலனின் முடியில் மட்டும் இல்லை, நம் தோலிலும் நிறையவே இருக்கிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி என்றால் ஒளிக்கு இலக்கு தெளிவு. மாநிறத்திலும் கறுப்பிலும் ஒளியின் ஒரு பங்கைத் தோலே வாங்கிக்கொள்கிறது. விளைவு தீப்புண், கரும்புள்ளி, சில நேரம் வெண்புள்ளி. 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசரைவிட 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது, ஏனெனில் அந்த அலைநீளத்தை மேல்தோலின் மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது. எந்த இயந்திரம், எந்த அளவு என்று தீர்மானிப்பது அதற்குத் தகுதி பெற்ற மருத்துவரின் வேலை. பேரங்காடியில் “இன்று மட்டும் பாதி விலை” என்று அட்டை நீட்டுபவர் வேலை அன்று. வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல். கருவியின் பெட்டிக்குள் ஒரு தோல்நிற அட்டை இருக்கும். அதில் ஆகக் கறுத்த கட்டத்துக்கு நேரே, பயன்படுத்தாதீர்கள் என்று பெரும்பாலும் அவர்களே அச்சிட்டிருப்பார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அன்று என்றும் பல கையேடுகளில் இருக்கும். விளம்பரக் காணொலியில் அந்த அட்டையைக் காட்டுவதில்லை.

வயதைப் பற்றி இன்னொன்று. பதினைந்து வயதில் உங்கள் ஹார்மோன்கள் இன்னும் வேலையை முடிக்கவில்லை. இந்த ஆண்டு பணம் கொடுத்துச் சுட்ட மயிர்க்காலுக்குப் பக்கத்தில், அடுத்த ஆண்டு வேறொன்று விழித்துக்கொள்ளும். “நிரந்தரம்” என்ற சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. லேசருக்கு அனுமதிக்கும் சொல் நிரந்தரமாக முடியைக் “குறைத்தல்” என்பதே, “நீக்கல்” அன்று. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. முகத்திலும் கழுத்திலும் லேசர் செய்துகொண்டவர்களில் சிலருக்கு, குறிப்பாகக் கறுத்த தோல் உடையவர்களுக்கு, அந்த இடத்தில் முடி முன்பைவிட அதிகமாக வளர்வதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கத்தி செய்வதாக நாம் சொல்லிவரும் குற்றத்தை, அரிதாகத்தான் என்றாலும், லேசர் செய்கிறது!

நிரந்தரமாக நீக்கல் என்ற பெயருக்குத் தகுதியானது மின்னாற்பகுப்பு. 1875-இல் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமைமுடியை அகற்ற இதைப் பயன்படுத்தியதை எழுதினார். அவரும் செயின்ட் லூயிஸ்காரர்தான், அந்த ஊருக்கும் முடிக்கும் என்ன பொருத்தமோ. நுண்ணிய ஊசியை மயிர்க்காலுக்குள் இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். ஊசி எதிர்மின்வாய், திசுவில் இருக்கும் உப்புநீர் மின்பகுளி. அங்கே உருவாகும் சோடியம் ஹைட்ராக்சைடு மயிர்க்காலை அரித்துவிடுகிறது. படிவம் 5 வேதியியலில் வரும் அதே உப்புக்கரைசல் மின்னாற்பகுப்புதான். தோல், முடி எந்த நிறமாக இருந்தாலும் பலிக்கும். ஆனால், ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டும், வலிக்கும், மாதங்கள் ஆகும்.

வலியே இல்லாமல், எளிதாக, நிரந்தரமாக என்று ஒருவர் சொன்னால் பழைய கதை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1895-இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வியன்னாவில் லியோபோல்டு ஃபிராய்ண்டு என்ற மருத்துவர், முதுகில் முடி அடர்ந்த மச்சம் இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு அந்தக் கதிரைப் பாய்ச்சினார். முடி கொட்டியது. பின்னால் புண்ணும் வந்தது. ஆனாலும் 1920-களில் அமெரிக்க அழகு நிலையங்களில் எக்ஸ் கதிரால் பெண்களின் முகமுடியை அகற்றுவது பெரிய வணிகமாக நடந்தது. அங்கே போனவர்களில் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கியது, புற்றுநோய் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் கோரம்லு என்ற முடிநீக்கிக் களிம்பு அங்கே விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது எலி மருந்தாகப் பயன்பட்ட தாலியம். பூசியவர்களின் நரம்புகள் பாதிக்கப்பட்டன, கண்பார்வை மங்கியது, தலைமுடியும் சேர்ந்து கொட்டியது. அந்தப் பெண்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். முகத்தில் முடி இருப்பது வெட்கம் என்று அவர்களை நம்பவைத்திருந்தார்கள், வெட்கத்தில் இருப்பவர் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

அதனால்தான் வகுப்பில் இதை வாய்விட்டுப் பேச வேண்டும் என்கிறேன். பேசாமல் விடுவதில் வேறொரு நட்டமும் உண்டு. ஒரு மாணவிக்குத் தாடையிலும் மார்பிலும் திடீரெனத் தடித்த முடி வந்து, மாதவிலக்கும் ஒழுங்கில்லாமல், முகப்பருவும் அதிகமாக இருந்தால், அது பி.சி.ஓ.எஸ். போன்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். எந்த முடிநீக்கியும் அதைக் குணப்படுத்தாது. அம்மாவிடம் சொல்லி அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். அவளைப் பார்த்து “மீசைக்காரி” என்று சிரிக்கும் பையன்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கத்திக்கும் குறை இல்லாமல் இல்லை. இரண்டு மூன்று நாளில் முடி திரும்பிவிடும். சுருட்டை முடிக்காரர்களுக்குத் தோலுக்குள் முடி வளைந்து கொப்புளம் வரலாம். அவர்கள் ஒட்ட மழிக்காமல் மின்சார டிரிம்மரால் சற்று நீளம் விட்டு வெட்டிக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்குச் சில விவரங்கள் போதும். குளித்த பிறகு சவரம் செய்யுங்கள், நீர் குடித்த முடி மென்மையாகி எளிதில் வெட்டுப்படும். சவர நுரை இல்லையென்றால் மென்மையான சோப்பாவது வேண்டும், உலர்ந்த தோலில் கத்தி வைக்காதீர்கள். முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள், அழுத்த வேண்டாம். முகப்பருவின் மேல் கத்தியை ஓட்டாதீர்கள். மாணவிகள் மேலுதட்டில் பயன்படுத்தினாலும் இதே முறைதான், மெல்லிய முடி மெல்லிய முடியாகவே திரும்பி வரும். மழுங்கிய கத்தியைத் தூக்கி எறியுங்கள், இரண்டாவது முறை இழுக்க வேண்டியிருந்தால் அது மழுங்கிவிட்டது என்று பொருள். அண்ணனுடையதை, அக்காவுடையதை, விடுதித் தோழியுடையதை இரவல் வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியிலும் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி இருக்கலாம். உங்களுக்கென்று ஒன்றை வாங்கி, பெயர் எழுதி, காயவைத்து, மூடியோடு தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.